பட்டைத்திரையும் உலர்ந்த துணியும்

வட இந்தியச் சமவெளியில் கோடைக்காலத்தில் வீசும் ஆந்தி எனப்படும் புழுதிக்காற்று அடங்கியவுடன், டில்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா முதலிய நகரங்களின் வீடுகளில் ஒரே விதமான காட்சி காணப்படும். மூடிவைத்த ஜன்னல்கள் திறக்கப்படுகின்றன. ஜன்னலில் தொங்கும் பட்டைத்திரையின் ஒவ்வொரு பட்டையின்மீதும் மஞ்சளும் பழுப்பும் கலந்த புழுதி மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. வீட்டுப் பெண்மணியோ, பணிப்பெண்ணோ, ஓர் உலர்ந்த துணியையோ கோழியிறகுத் துடைப்பானையோ எடுத்துப் பட்டைகளின்மேல் பளீர் பளீரெனத் தட்டுகிறார். இரண்டு நிமிடத்தில் பட்டைகள் பளிச்சிடுகின்றன. தட்டியவர் இருமிக்கொண்டே அடுத்த ஜன்னலுக்குச் செல்கிறார். அந்த அறையில் கட்டிலின்மேல் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது.

இக்காட்சியைத் துப்புரவு என்று அழைப்பது வழக்கம். அஃது உண்மையில் இடமாற்றமேயன்றித் துப்புரவன்று. பட்டையின்மேல் அசையாது கிடந்து யாருக்கும் தீங்கு செய்யாதிருந்த தூசி, மூச்சுக்குள் நுழையத்தக்க நிலைக்குக் கொண்டுவரப்படுகிறது. வீடாயினும் பள்ளியாயினும் அலுவலகமாயினும், பட்டைத்திரையை உலர்ந்த துணியால் தட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. கிராம சுகாதாரப் பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதனை அறிந்து பிறருக்கு அறிவித்தல் இன்றியமையாதது.

பட்டைத்திரை பிற திரைகளைக் காட்டிலும் மிகுதியான தூசியைத் தாங்குவது ஏன் என்பதைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடைய ஒரு ஜன்னலுக்கு 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டைகள் சுமார் 70 தேவைப்படும். ஒவ்வொரு பட்டையின் மேற்பரப்பும் 0.03 சதுர மீட்டர். எழுபதுக்கும் சேர்த்து 2.1 சதுர மீட்டர் ஆகிறது. அதாவது, ஜன்னலின் பரப்பு 1.8 சதுர மீட்டரே ஆயினும், அதில் தொங்கும் திரையோ அதனினும் பெரிய அலமாரித் தட்டு ஒன்றை எழுபது கூறுகளாக நறுக்கி அடுக்கியதற்கு ஒப்பாகும். காற்று உட்புகும் வழியிலேயே இத்தட்டுகள் அமைந்திருப்பதால், காற்று தன் வேகத்தை இழக்குமிடத்தில் சுமையை இறக்கிவிட்டுச் செல்கிறது. வெளிச்சத்திற்காகப் பட்டைகளைக் கிடைமட்டமாக வைத்திருக்கும் வீடுகளில் தூசி மிகுதியாகவும், செங்குத்தாகச் சாய்த்து வைத்திருக்கும் வீடுகளில் குறைவாகவும் படிவதை எவரும் நோக்கலாம்.

இனி, தட்டப்பட்ட தூசி எங்குச் செல்கிறது? தரையில் விழுந்துவிடும், பின்னர்ப் பெருக்கிவிடலாம் என்பதே பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை ஓரளவே மெய்யானது. மனிதர் நின்றவாறு மூச்சுவிடும் உயரத்தை ஒன்றரை மீட்டர் எனக் கொள்வோமாயின், அசையாத காற்றில் 50 மைக்ரான் குறுக்களவுள்ள மணற்றுகள் அவ்வுயரத்திலிருந்து பத்து விநாடிக்குள் தரையை அடையும். தலைமயிரின் பருமனைவிடச் சற்றே சிறிய துகள் இது. 10 மைக்ரான் துகள் ஏறத்தாழ மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். 2.5 மைக்ரான் துகளுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. 1 மைக்ரான் துகளோ நாலரை மணி நேரம் அலைந்து திரியும். இவையனைத்தும் காற்று அசையாதிருந்தால் மட்டுமே பொருந்தும் கணக்குகள். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும் அறையில் நுண்ணிய துகள் கீழே இறங்குவதற்குள் மீண்டும் மீண்டும் மேலேற்றப்படும். விசிறியை நிறுத்தாமலே தூசி தட்டும் பழக்கம் எத்துணைப் பேதைமையானது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இவ்விடத்து ஓர் உண்மையையும் மறைத்தல் கூடாது. துகள் எத்துணைச் சிறியதோ அத்துணை உறுதியாக அது பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஆதலால் 1 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் துணியின் தட்டலுக்கு எளிதில் கிளம்புவதில்லை. மிகுதியாகக் கிளம்புபவை 2 மைக்ரானுக்கு மேற்பட்டவையே. எனினும் இதனால் ஆறுதலடைவதற்கு இடமில்லை. 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து மூச்சுக்குழாயை அடையக்கூடியவை. 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லக்கூடியவை. இந்த இரண்டு அளவுகளையே அடிப்படையாகக் கொண்டு 2009ஆம் ஆண்டின் இந்திய வெளிக்காற்றுத் தர வரம்புகள் வகுக்கப்பட்டன. 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டர் ஒன்றுக்கு முதல் வகை 100 மைக்ரோகிராமும் இரண்டாம் வகை 60 மைக்ரோகிராமும் மிகலாகாது என்பது அவ்வரம்பு. தெருவின் காற்றை அளப்பதற்குக் கருவிகள் நாட்டப்பட்டுள்ளன. ஆயினும், தூசி தட்டுபவரின் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் எழும் மேகத்தை எவரும் அளப்பதில்லை.

உலர்ந்த துணிக்கு எதிரான மற்றொரு சான்று மின்னியலில் கிடைக்கிறது. இன்று விற்பனையாகும் பட்டைத்திரைகளுட் பல பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. இதனை உலர்ந்த துணியால் தேய்க்கும்போது பட்டையின் பரப்பு மின்னேற்றம் பெறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அம்மின்னேற்றம் விரைவிற் கசிந்துபோகும். ஆனால் மே மாதத்து டில்லியின் பிற்பகற் காற்று மிகவும் வறண்டது. ஆகவே மின்னேற்றம் நெடுநேரம் தங்கிச் சுற்றிலும் மிதக்கும் தூசியைத் தன்பால் இழுக்கிறது. காலையில் துடைத்த பட்டை மாலையில் மீண்டும் மங்கலாவதைக் கண்டு, பணிப்பெண் சரியாகத் துடைக்கவில்லை என்று கடிந்துகொள்ளும் இல்லத்தரசியர் பலர். குற்றம் அப்பெண்ணினுடையதன்று. அவள் கையிற் கொடுக்கப்பட்ட உலர்ந்த துணியினுடையது.

தூசியை ஊதிக் கலைப்பதற்கும் பிடித்து அகற்றுவதற்கும் உள்ள வேற்றுமையை ஒரு பொறியியலர் தம் வாயினாலேயே சோதித்தறிந்த வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டில் ஹியூபர்ட் செசில் பூத் என்பார் லண்டனில் ஒரு துப்புரவு இயந்திரத்தின் செயல்முறைக் காட்சியைக் கண்டார். அது காற்றை ஊதித் தூசியை எழுப்பும் இயந்திரம். எழுந்த தூசியிற் பெரும்பகுதி மீண்டும் பழைய இடத்திலேயே படிந்தது. பூத் பின்னர் ஓர் உணவகத்தில் நாற்காலியின் மெத்தைமீது தம் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சினார். இருமல் வந்தது. ஆனால் கைக்குட்டையின் அடிப்புறத்தில் தூசி வட்டமாய்ப் பதிந்திருந்தது. வெற்றிடத் துப்புரவுக் கருவி இவ்வாறு பிறந்தது. இந்திய வீடுகளில் இன்று கையாளப்படும் உலர்ந்த துணி, பூத் கண்டு ஒதுக்கிய ஊதும் இயந்திரத்தின் இனத்தைச் சேர்ந்ததேயாகும்.

இந்நாட்டு மக்கள் இந்த உண்மையை வேறொரு வகையில் முன்னரே கையாண்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. வட இந்தியாவில் கோடைக்காலத்து வாயில்களிலும் ஜன்னல்களிலும் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி அவற்றின்மேல் நீர் தெளித்துவந்தனர். குளிர்ச்சிக்கும் மணத்துக்குமே அவை புகழ்பெற்றன. ஆனால் நனைந்த வேர்களின் ஊடே புகுந்த காற்று, குளிர்ந்தது மட்டுமன்றித் தன் புழுதியையும் வேரிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தது. நீர் பட்ட தூசி மீண்டும் பறப்பதில்லை. துகளுக்கும் துகளுக்கும் இடையே தோன்றும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. மண்தரைக்கு நீர் தெளித்துவிட்டுப் பெருக்கும் கிராமத்துப் பாட்டியும் இதே விதியையே பின்பற்றுகிறாள். பளிங்குத் தரையும் பிளாஸ்டிக் திரையும் வந்த பின்னர், அந்தப் பாட்டியின் அறிவு பழமை என்று ஒதுக்கப்பட்டதே வியப்பு.

இப்பொருளில் தூசியின் இயல்பைக் காட்டிலும் கூர்ந்து நோக்கத்தக்கது, தூசி தட்டுபவர் யார் என்பது. ஒரு நாளில் நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் பெண் ஒவ்வொரு வீட்டிலும் அரை மணியோ முக்கால் மணியோ மட்டுமே தங்குகிறாள். அதற்குள் பெருக்கல், துடைத்தல், பாத்திரம் விளக்கல் யாவும் முடிய வேண்டும். வீட்டிலுள்ளோர் ஆந்தி முடிந்த நாளில் மட்டும் ஒருமுறை தூசி எழக் காண்கின்றனர். அவளோ அதே நாளில் நான்கைந்து வீடுகளின் புழுதியையும் வரிசையாக உட்கொள்கிறாள். பள்ளிகளில் நிலைமை இன்னும் வருந்தத்தக்கது. காலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பாகக் கடைநிலை ஊழியர் வகுப்பறையைத் தட்டிப் பெருக்குகிறார். சில இடங்களில் மாணவர்களே முறைவைத்து அப்பணியைச் செய்கின்றனர். புழுதி மேகம் அடங்குமுன் நாற்பது குழந்தைகள் உள்ளே நுழைந்து பாடம் ஒப்பிக்கத் தொடங்குகின்றனர். அவர்களுள் ஆஸ்துமா உடைய குழந்தை ஒன்று இருக்குமாயின், அந்நாள் முழுதும் அக்குழந்தைக்குக் கல்வி இல்லை. குழந்தையின் சோம்பல் என்று ஆசிரியர் கருதுவது சில வேளைகளில் ஜன்னலிலிருந்து வந்த நோயாக இருக்கலாம்.

ஈரத்துணிக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் பொருட்படுத்தத் தகாதவை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. ஈரத்துணியால் துடைத்தால் புழுதி சேறாகிப் பட்டையில் கோடுகோடாகப் படிகிறது என்பர். சொட்டச் சொட்ட நனைத்த துணியைப் பயன்படுத்தினால் அவ்வாறே நேரும். நன்கு பிழிந்து, ஈரம் கைக்குத் தெரியும் அளவில் மட்டும் உள்ள துணியானால் நேராது. நீர் கிடைப்பதில்லை என்பர். ஒரு ஜன்னலுக்கு இரண்டு சிறு வாளிகளில் பாதியளவு நீர் போதும். அந்நீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். மூன்றாவது தடையே உண்மையானது. உலர்ந்த இறகுக்கு இரண்டு நிமிடம் போதும் என்னுமிடத்தில், ஈரத்துணிக்கு இருபது நிமிடமாவது வேண்டும். இதற்கு மாற்று ஒன்றே உண்டு. அந்த இருபது நிமிடத்தைப் பணிப்பெண்ணின் வேலை நேரத்திற் சேர்த்து, அதற்குரிய கூலியையும் கொடுத்தல். அங்ஙனம் கொடுக்க மனமில்லாதவர் பட்டைத்திரையைத் தாமே துடைக்கலாம். அல்லது அதனைக் கழற்றி விடலாம்.

செய்முறையைப் பொறுத்தவரை நெடிய விளக்கம் தேவையில்லை. குழந்தைகளையும் நோயாளிகளையும் வேறு அறைக்கு அனுப்பி, விசிறியை நிறுத்தி, பட்டைகளை முதலில் ஒருபுறமாகச் சாய்த்து மூடிக்கொள்ள வேண்டும். மேற்பட்டையிலிருந்து கீழ்நோக்கித் துடைத்து வந்து, பின்னர் மறுபுறமாகச் சாய்த்து மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டி நனைத்துக்கொண்டால், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே ஒவ்வொரு பட்டையையும் இழுத்து இருபுறமும் ஒருங்கே துடைத்துவிடலாம். ஒரு வாளி துணி அலசுவதற்கு; மற்றொன்று தூய நீருக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் சேற்றையே பட்டையில் பூசியதாகும். தூசி நிவாரண முகமூடி அணிவதானால் என்95 வகையே பயன் தரும். புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொள்வது பெரிய துகளைத் தடுக்குமேயன்றி நுண்துகளைத் தடுப்பதில்லை. தரையைப் பெருக்குவது இவையாவும் முடிந்த பின்னரே.

திரையின் வகைக்கேற்பச் சில வேறுபாடுகள் உள. அடுக்களை ஜன்னலின் பட்டைகளில் எண்ணெய்ப் புகை படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிப் பிசுக்காக இறுகியிருக்கும். அதற்கு வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு பாத்திரச் சோப்பு கலந்து பயன்படுத்த வேண்டும். அலுமினியப் பட்டைகளுக்குச் சலவைச் சோடா ஆகாது. காரம் அவ்வுலோகத்தை அரிக்கும். சிக் எனப்படும் மூங்கிற்குச்சித் திரையை மாதமொருமுறை கழற்றி வெளியே கிடத்தித் தூரிகையும் நீரும் கொண்டு கழுவி, வெயிலில் முற்றக் காயவிட்டு மீண்டும் கட்டுவது நன்று. ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். துணியாலான செங்குத்துத் திரைகள் தனிக் கவனத்திற்குரியவை. 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள், வீட்டுத்தூசி ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் மூன்றிலொரு பங்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒருவகைத் தூசி உண்ணி எனக் காட்டினர். உண்ணியின் கழிவே மூச்சுத்திணறலைத் தூண்டுவது. இவ்வுயிர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்வதால், டில்லியின் வறண்ட கோடையில் நலிவுறும்; மும்பை, கொல்கத்தா போன்ற கடலோர, கழிமுக நகரங்களில் செழிக்கும். அந்நகரங்களில் துணித்திரையைத் துடைப்பது போதாது. துணி தாங்குமாயின் 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் துவைத்தல் வேண்டும்.

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் இன்றும் காணப்படும் கட்கடி என்னும் மரப்பட்டைக் கதவுகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் அவ்வமைப்பு மிகச் சிறந்தது. ஆனால் அவற்றின்மேல் பல தலைமுறைகளின் வண்ணப்பூச்சு அடுக்கடுக்காக உள்ளது. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்னும் விதி 2017ஆம் ஆண்டு நவம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு உதிரும்போது, பட்டையில் தங்கும் தூசியில் ஈயமும் கலந்திருக்கலாம். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்காத அளவு என ஈயத்துக்கு ஓர் எல்லையை வரையறுக்க இயலாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆதலின் அக்கதவுகளை உலர்ந்த துணியால் தட்டுவதோ, புதுப்பூச்சுக்கு முன் உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதோ பெருந்தவறு. பிளாஸ்டிக் பட்டைகளும் இவ்வச்சத்திற்கு முற்றிலும் புறம்பானவையல்ல. அந்நாட்டில் இறக்குமதியான மலிவு விலை பி.வி.சி. பட்டைத்திரைகளில், பிளாஸ்டிக்கை நிலைப்படுத்துவதற்காகச் சேர்த்த ஈயம், வெயிலிலும் வெப்பத்திலும் பிளாஸ்டிக் சிதையும்போது பரப்பில் தூசியாக வெளிப்படுகிறது என அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996ஆம் ஆண்டில் கண்டறிந்தது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அவற்றை அகற்றிவிடுமாறு அது அறிவுறுத்தியது. கழுவினாலும் புதிய தூசி மீண்டும் தோன்றும் என்பதே காரணம். வெயிலில் நெடுநாள் காய்ந்து நொறுங்கத் தொடங்கிய பழைய பிளாஸ்டிக் பட்டைகளை, எந்நாட்டுச் சரக்காயினும், துடைத்துக் காப்பாற்ற முயலாமல் கழற்றி எறிவதே அறிவுடைமை.

இங்கு மற்றொரு கேள்வியும் எழுகிறது. புழுதி மிகுந்த சமவெளியில், எழுபது தட்டுகள் கொண்ட திரை ஒன்று வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் தேவைதானா? புதிய கட்டடம் என்றாலே பட்டைத்திரையும் செங்குத்துத் துணித்திரையும் வேண்டும் என்னும் எண்ணம் பரவியுள்ளது. அவற்றைப் பொருத்துவதற்கு நிதி ஒதுக்கப்படுகிறது. துவைப்பதற்கு ஆளோ நேரமோ ஒதுக்கப்படுவதில்லை. நான்கைந்து ஆண்டுகளில் அவை எத்தகைய தோற்றம் கொள்கின்றன என்பதை அலுவலகம் சென்றோர் அனைவரும் அறிவர். எளிதிற் கழற்றித் துவைக்கத்தக்க பருத்தித் திரைச்சீலையோ, வெளிப்புறத்தில் கட்டிய மூங்கில் சிக்கோ இத்தகைய இடங்களுக்கு மேலானது. வெளிப்புறத்துச் சிக், வெயிலை ஜன்னற் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்துவிடுவதால் அறையும் குளிர்ந்திருக்கும். பட்டைத்திரையை இயக்கும் நீண்ட கயிற்று வளையம் சிறு குழந்தையின் கழுத்தில் சிக்கி உயிரிழப்பு நேர்ந்த நிகழ்ச்சிகளும் பல நாடுகளில் உண்டு. குழந்தைகள் உள்ள இடத்தில் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டிவைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இவற்றைச் சொல்லால் போதிப்பதைக் காட்டிலும் கண்ணால் காட்டுவது எளிது. 1870ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தூசியையும் நோயையும் பற்றி ஆற்றிய சொற்பொழிவில், ஒளிக்கற்றை ஒன்றைக் கொண்டே காற்றில் மிதக்கும் துகள்களை அவையோருக்குப் புலப்படுத்தினார். அதே சோதனைக்கு வகுப்பறையில் வேண்டுவது வெயிலுள்ள காலை நேரமும் ஒரு ஜன்னலும் மட்டுமே. அறையை இருட்டாக்கி, ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் வெயிலை உள்ளே விட வேண்டும். எஞ்சிய சாளரத்தின் ஒரு பட்டையை உலர்ந்த துணியால் ஒருமுறை தட்டினால், ஒளிக்கற்றையினுள் புகை எழுந்தாற்போல் தூசி சுழல்வதை மாணவர்கள் காண்பர். அது தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் அடுத்த பட்டையைப் பிழிந்த ஈரத்துணியால் துடைக்கட்டும். ஆஸ்துமா உள்ள மாணவர்களை இச்சோதனையின்போது வெளியே நிறுத்திவிடுதல் முறை. மற்றொரு சோதனை இன்னும் எளியது: கண்ணாடித் துண்டில் சிறிது வாசலைன் தடவி ஜன்னல் விளிம்பில் ஒரு நாள் வைத்து, மறுநாள் உருப்பெருக்கியால் நோக்கினால், மணலும் நூலிழையும் கரித்துகளும் தனித்தனியே தெரியும்.

பெருந்துப்புரவுக்குரிய காலத்தையும் மாற்றிக்கொள்வது நல்லது. வட இந்தியாவில் தீபாவளிக்கு முன்பாக வீடு முழுவதும் தட்டித் துடைத்து வெள்ளையடிப்பது வழக்கம். ஆனால் அக்டோபர் இறுதியில் டில்லியின் காற்று வேகம் குன்றித் தேங்கத் தொடங்குகிறது. வெளிக்காற்று ஏற்கெனவே கெட்டிருக்கும் நாட்களில் உள்ளே எழுப்பிய தூசி வெளியேறவும் வழியில்லை. ஜூன் இறுதியில் முதல் மழை புழுதியை அமர்த்தியவுடன் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்த செப்டம்பர் கடைசியில் ஒருமுறையும் திரைகளைக் கழற்றிக் கழுவிவிட்டால், தீபாவளிக்கு ஈரத்துணித் துடைப்பே போதும். வாரந்தோறும் ஒருமுறை துடைத்துவரும் பட்டையில் சேறாகுமளவு புழுதி சேர்வதுமில்லை.

பள்ளிகளும் அலுவலகங்களும் ஆண்டுதோறும் அனுப்பும் தேவைப் பட்டியலில் இறகுத் துடைப்பானும் மஞ்சள் துணியும் பழைய வழக்கப்படி இடம்பெற்று வருகின்றன. அவ்விடத்தில் இரண்டு வாளிகளும், துவைத்துப் பயன்படுத்தத்தக்க பருத்தித் துணிகளும், ஊழியருக்கு என்95 முகமூடிகளும் எழுதப்படுமாயின் செலவு பெரிதும் கூடாது. பயன்படுத்திய துணியை மாடி முகப்பில் நின்று உதறும் பழக்கத்தையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். மேல் வீட்டில் உதறிய தூசி, கீழ் வீட்டின் திறந்த ஜன்னலில் உள்ள பட்டைத்திரையில்தான் வந்து அமர்கிறது.